செராமிக் கமாடோ அடுப்பில் கரித்தட்டா, கரிக்கூடையா: டெல்டாவில் கிடைக்கும் கரியை வைத்து ஒரு மதிப்புரை

இந்த மதிப்புரை நான்கு பொருள்களைப் பற்றியது. செராமிக் கமாடோ அடுப்போடு சேர்ந்தே வந்த வார்ப்பிரும்புக் கரித்தட்டு ஒன்று. அதற்கு மாற்றாகத் தனியே வாங்கிய எவர்சில்வர் கரித்தட்டு இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து தருவித்த கம்பிக் கரிக்கூடை மூன்றாவது. அந்த வடிவத்தை ஒட்டிக் கும்பகோணத்துப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்வித்த கூடை நான்காவது. நான்கையும் திருவையாற்றுக்கு அருகே எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் ஒரே அடுப்பில், 46 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிரில் கம்பி கொண்ட நடுத்தர அளவு அடுப்பில், மாற்றி மாற்றி வைத்துச் சமைத்திருக்கிறோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பகுதியில் மூட்டையாகக் கிடைக்கும் கரியைக் கொண்டு நீண்ட நேரம் சமைக்க விரும்புகிறவருக்குக் கரிக்கூடை இன்றியமையாதது. அரை மணி, முக்கால் மணி நேரச் சமையலோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு நல்ல கரித்தட்டே போதும். அந்தக் கூடையும் கப்பலில்தான் வர வேண்டும் என்பதில்லை. அளவுகளைச் சரியாகச் சொன்னால் நம் ஊர்ப் பட்டறைகள் அதைவிடப் பொருத்தமாகவே செய்து தருகின்றன.

கமாடோ என்பது தடித்த செராமிக் சுவரும், கனத்த மூடியும், அடியில் ஒரு காற்றுக் கதவும், உச்சியில் ஒரு காற்றுத் திறப்பும் கொண்ட முட்டை வடிவ அடுப்பு. ஜப்பானிய மண் அடுப்பு மரபிலிருந்து வந்த இவ்வடிவத்தை இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார்கள். 1974இல் அட்லாண்டாவில் தொடங்கப்பட்ட பிக் கிரீன் எக் நிறுவனமும், பின்னர் வந்த கமாடோ ஜோ போன்றவையும் உயர்வெப்பம் தாங்கும் செராமிக்கில் அதைச் செய்து உலகெங்கும் பரப்பின. இதன் சிறப்பு, சூட்டைக் கரியின் அளவால் அல்லாமல் காற்றின் அளவால் ஆள முடிவது. அடிக் கதவை ஒரு விரல் அகலம் திறந்து உச்சித் திறப்பைச் சிறு பிறையளவு விட்டால் 110 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் நிற்கும். இரண்டையும் அகலத் திறந்தால் 350 டிகிரியையும் தாண்டும். சமையல் முடிந்ததும் இரண்டையும் மூடிவிட்டால் காற்றின்றி நெருப்பு அணைந்து, எரியாத கரி அடுத்த சமையலுக்கு மிஞ்சும். ஆனால் கீழிருந்து புகும் காற்று கரியை அடைவதற்கு முன் ஓர் இடத்தைக் கடந்தாக வேண்டும். அது கரித்தட்டு. அதன் துளைகள் அடைபட்டுவிட்டால் மேலும் கீழும் எதை எவ்வளவு திருப்பினாலும் பயன் இராது.

தஞ்சை வட்டாரத்துப் பழைய சமையலறைகளில் குமுட்டி அடுப்பைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். குமுட்டியில் கரி ஓர் இரும்புக் கம்பித் தட்டின் மேல் கிடக்கும். கீழ்வாயில் விசிறினால் காற்று தட்டின் ஊடே ஏறிக் கங்கைச் சிவக்கச் செய்யும். சாம்பலும் அதே தட்டின் வழியே கீழே உதிரும். தட்டில் சாம்பல் கட்டிக்கொண்டால் எவ்வளவு விசிறினாலும் பால் பொங்காது. கமாடோவில் நடப்பதும் அதுவே. ஒரு வேறுபாடு உண்டு: குமுட்டி திறந்த அடுப்பாகையால் ஒரு குச்சியை விட்டுக் கிளறிவிடலாம், கமாடோவில் மேலே இறைச்சியும் அதன் கீழே நேர்ச்சூட்டைத் தடுக்கும் கல்லும் இருக்கும்போது நடுவில் கையை விட வழியே கிடையாது. அதனால்தான் தட்டு தானாகவே சாம்பலை உதிர்க்க வல்லதா என்பது இங்கே இவ்வளவு முக்கியமாகிறது.

இனி நம் கரியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு மதிப்புரைகள் எழுதப்படுவது வேறு கரியை வைத்து. அங்கே கை முஷ்டியளவு கட்டைக்கரி காகிதப் பையில் வருகிறது. இங்கே இஸ்திரிக் கடைகளுக்கும் டீக்கடைகளுக்கும் வரும் சாக்கு மூட்டைக் கரியைத்தான் பெரும்பாலும் வாங்க வேண்டியிருக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சுடப்படும் சீமைக்கருவேலங்கரி அது. கரியாக அது மிக நல்ல கரி; கனமானது, நெடுநேரம் எரிவது, அமெரிக்கர்கள் விரும்பி எரிக்கும் மெஸ்கீட் மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. பொறி பறப்பது ஒன்றுதான் அதன் குணக்கேடு. தொல்லை கரியில் இல்லை, மூட்டையில் இருக்கிறது. லாரியில் ஏறி இறங்கி, கடையில் இழுபட்டு, நம் வீட்டுக்கு வரும்போது மேலே பெரிய கட்டைகளும் நடுவில் விரல் பருமன் துண்டுகளும் அடியில் வெறும் தூளுமாக இருக்கிறது. மரத்தோடு ஒட்டியிருந்த மண்ணும் சில வேளைகளில் சேர்ந்தே வருகிறது. இன்னொரு வகை கொட்டாங்கச்சிக் கரி. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புப் பகுதிகளுக்கு அருகில் இருப்பவர்களுக்கு அது எளிதில் கிடைக்கும். விரைவாகப் பற்றும், கடுஞ்சூடு தரும், சாம்பல் குறைவு. ஆனால் மெல்லிய வளைந்த ஓடுகளாக இருப்பதால் ஒன்றன் மேல் ஒன்று படிந்து காற்றை மறிக்கும், பாதி எரிந்ததும் சிறு சில்லாகி இடைவெளிகளில் நழுவி விழும். அச்சில் அழுத்திய கரியும் இணையத்தில் விற்கிறது. அதில் சேர்க்கப்படும் ஒட்டுப்பொருளால் சாம்பல் கூடுதலாக வருவதால், கமாடோவின் சிறிய வயிற்றுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

மூட்டைக் கரியை அப்படியே கொட்டக் கூடாது. மணல் சலிக்கும் சல்லடையில் ஒரு முறை போட்டு எடுத்தால் தூளும் மண்ணும் போய்விடும். இதைச் செய்யாதவருக்கு எந்தத் தட்டும் எந்தக் கூடையும் உதவாது.

இப்போது முதல் பொருள். அடுப்போடு வந்த வார்ப்பிரும்புத் தட்டு ஒரு கனத்த வட்டம். அதில் சில வட்டத் துளைகள் போட்டிருக்கிறார்கள். வார்ப்பிரும்பு என்பதால் உருகாது, வளையாது, பல ஆண்டுகள் உழைக்கும்; குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் அதன் வடிவம் பெரிய கட்டைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. துளைகளின் மொத்தப் பரப்பு தட்டின் பரப்பில் சிறு பங்குதான். விரல் பருமனுள்ள கரித்துண்டு ஒன்று உருண்டு வந்து ஒரு வட்டத் துளையின் மேல் உட்கார்ந்தால் அந்தத் துளை முழுவதும் அடைபடுகிறது. வட்டத் துளைக்கு உள்ள இயல்பான குறை இது. நீளப் பிளவாக இருந்தால் ஒரு துண்டு அதன் ஒரு பகுதியைத்தான் மறைக்க முடியும். 120 டிகிரியில் ஆட்டுத்தொடையை வைத்தோமானால் முதல் இரண்டு மணி நேரம் அடுப்பின் சூட்டைக் காட்டும் வெப்பமானியின் முள் அசையாமல் நிற்கும். மூன்றாவது மணி நேரத்தை நெருங்கும்போது மெல்லச் சரியத் தொடங்கும். அடிக் கதவை அகலத் திறந்தாலும் ஏறாது. தாழ்ந்த சூட்டில் நெருப்பே சிறியது. அது மேலே இழுக்கும் காற்றும் மெல்லியது. அடைப்பைத் தள்ளிக்கொண்டு வரும் வலு அந்தக் காற்றுக்கு இல்லை. வளைத்த கம்பி ஒன்றை அடிக் கதவு வழியே விட்டுக் கீழிருந்து துளைகளைக் குத்திவிட்டால் உயிர் வரும். அது ஒரு வழிதான் என்றாலும், ஒவ்வொரு முறையும் தரையில் குனிந்து, கண்ணால் பார்க்க முடியாத துளையைத் தேடிக் குத்தும் வேலை வயதானவர்களுக்கு உகந்ததன்று.

ஆயினும் இத்தட்டைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. வஞ்சிரத் துண்டுகளையோ இறாலையோ 220 டிகிரியில் கால் மணி நேரம் வாட்டுவதற்கு இது தாராளமாகப் போதும். சூடு அதிகமாக இருக்கும்போது காற்றின் இழுப்பும் அதிகம். அடைபட வேண்டிய அளவுக்குச் சாம்பல் சேர்வதற்குள் சமையலே முடிந்துவிடும்.

எவர்சில்வர் கரித்தட்டு இதைவிட ஒரு படி மேலானது. துளைகளுக்குப் பதிலாகத் தட்டின் குறுக்கே இணையாகக் கம்பிகள் ஓடுகின்றன. காற்று நுழையும் பரப்பு பன்மடங்கு பெரியது. சாம்பல் தானாகவே இறங்குகிறது. அதை மாற்றிய நாளிலிருந்தே அடுப்பு விரைவாகச் சூடேறியதை வீட்டில் எல்லோரும் கவனித்தோம். கொட்டாங்கச்சிக் கரிக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. எரிந்து சிறுத்த சில்லுகள் சாம்பலோடு சேர்ந்து கீழே போய், அடிக் கதவருகே கங்காகக் கிடந்து வீணாயின. இன்னொரு குறையும் உண்டு. சமையல் முடிந்து மறுநாள் மிச்சக் கரியைத் திருப்பிப் பயன்படுத்த வேண்டுமானால், முதலில் அதைக் கையுறை போட்டுத் துண்டு துண்டாகப் பொறுக்கி வெளியே எடுத்து, தட்டைத் தூக்கி, சாம்பலை வழித்து, மறுபடி அடுக்க வேண்டும். கரியும் காசுதான் என்று எண்ணுகிற குடும்பங்களில் இந்த வேலையைத் தவிர்க்க முடியாது.

அந்த வேலையை அறவே நீக்கிவிடுவதுதான் கரிக்கூடை. அடுப்புக்குள் இருக்கும் செராமிக் தீக்கிண்ணத்தின் வடிவத்துக்கு ஏற்ப, அடி சிறுத்து வாய் விரிந்த ஒரு கம்பிக்கூடை அது. இரு பக்கமும் கைப்பிடி இருக்கும். பெரும்பாலானவற்றை வைக்கும்போது பழைய கரித்தட்டை எடுத்துவிடுகிறோம். மறுநாள் ஆறிய அடுப்பைத் திறந்து, கைப்பிடிகளைப் பிடித்துத் தூக்கி நாலு உலுக்கு உலுக்கினால் சாம்பலும் பொடியும் உதிர்ந்து நல்ல கரி மட்டும் கூடையில் நிற்கும். அடியில் சேர்ந்த சாம்பலை வழித்துவிட்டுக் கூடையை இறக்கி, மேலே புதுக்கரியைச் சேர்த்தால் அடுப்பு ஆயத்தம். இதில் தூய்மை மட்டுமன்று, நெருப்பின் ஒழுங்கும் அடங்கியிருக்கிறது. காற்று அடியிலிருந்து மட்டும் அல்லாமல் பக்கங்களிலிருந்தும் கரிக்குள் நுழைவதால், ஓரிடம் அடைபட்டாலும் இன்னோரிடம் திறந்திருக்கிறது. ஆட்டுத்தொடை வேகும் ஐந்தாறு மணி நேரமும் அடிக் கதவைத் தொடாமலே முள் 115க்கும் 125க்கும் இடையில் நின்றது. எலும்பை ஒட்டிய இறைச்சியின் உள்வெப்பம் 90 டிகிரியைத் தாண்டி, நரம்பும் சவ்வும் இளகி, கத்தி படாமலே பிரிந்து வந்தது. வார்ப்பிரும்புத் தட்டில் அதே தொடை கடைசி இரண்டு மணி நேரமும் எங்களைத் தவிக்கவிட்டது.

கூடைக்கு நடுவே செருகும் தடுப்புத் தகடு தனியாக விற்கிறார்கள். இதை நான் மனமார வரவேற்கிறேன். நால்வருக்கான சமையலுக்கு அடுப்பு முழுதும் கரியை நிரப்புவது தேவையற்றது; தகட்டை நடுவில் செருகி ஒரு பாதியில் மட்டும் கரியை இட்டால் செலவு பாதியாகிறது, அடுப்பில் ஒரு பக்கம் கடுஞ்சூடும் மறு பக்கம் மிதமான சூடும் கிடைக்கின்றன. நாகப்பட்டினத்திலிருந்து வரும் கொடுவாயை வாழையிலையில் பொதிந்து கரியில்லாத பக்கம் வைத்து வேகவிட்டு, கடைசி இரண்டு நிமிடம் இலையைப் பிரித்துக் கரியுள்ள பக்கத்துக்கு நகர்த்தினால் தோல் முறுகி வருகிறது. மீன் வெந்து முடிந்ததும் அந்தக் கங்கின் மேலேயே கத்திரிக்காயைச் சுட்டெடுப்போம். சிதம்பரத்துக் கொத்சுக்கு இப்படிச் சுட்ட கத்திரிக்காயைப் போல வேறெதுவும் சுவை தருவதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். கூடை வைத்ததும் தீக்கிண்ணத்தின் கொள்ளளவு குறைகிறது; சிறிய அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இது உறுத்தும். கைப்பிடிகள் நெருப்பின் ஓரத்திலேயே இருப்பதால் சமையலின்போது தொட முடியாது. ஆறும்வரை காத்திருக்க வேண்டும். நாள்பட எவர்சில்வர் கம்பிகள் பொன்னிறமாகவும் நீலமாகவும் நிறம் மாறுகின்றன. அது கெடுதல் அன்று. ஆனால் மெல்லிய கம்பியாக இருந்தால் கங்கின் சூட்டில் அடிப்பாகம் தொய்கிறது, பற்றவைத்த இணைப்புகள் விடுகின்றன. தருவித்த கூடையில் ஓராண்டுக்குள் அடிக்கம்பி ஒன்று இணைப்பில் விட்டது. அதற்கு நாம் கொடுத்த விலையோடு அனுப்புச் செலவும் சுங்க வரியும் சேர்ந்திருந்ததை நினைக்கும்போது இது மனக்குறைதான்.

அதை ஒட்டவைக்கக் கும்பகோணத்துக்குக் கொண்டுசென்றபோதுதான் நான்காவது கூடை பிறந்தது. பாத்திரத் தொழிலில் பெயர்பெற்ற அந்த ஊரில் ஓட்டல் அடுப்புகளும் கல்யாணச் சமையல் சாமான்களும் செய்யும் பட்டறைகள் பல உண்டு. கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பட்டறைக்காரர், “இதே மாதிரி வேணாம் சார், அடியில கனமான கம்பி போட்டுத் தரேன், அளவ மட்டும் சரியா எடுத்துட்டு வாங்க” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரியான யோசனை. பக்கங்களுக்கு 5 மில்லிமீட்டர் கம்பியும் அடிக்கு 8 மில்லிமீட்டர் கம்பியும் போட்டுச் செய்த அந்தக் கூடை இன்றுவரை தொய்யவில்லை. தருவித்த கூடைக்கு ஆன செலவில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவாகவே ஆயிற்று. விட்டுப்போனால் எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம் என்ற ஆறுதலும் இருக்கிறது.

பட்டறையில் செய்விப்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், இதில்தான் கூடையின் வெற்றி தோல்வி இருக்கிறது. முதலாவது உலோகம். 304 வகை எவர்சில்வர் என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். அதில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருப்பதால் விட்டுவிட்டு எரியும் நெருப்பில் ஏறத்தாழ 870 டிகிரி வரை செதில் உரியாமல் தாங்கும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 202 வகையில் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். நம் ஈரக் காற்றில் அது விரைவில் துருப்புள்ளி விடும். காந்தம் வைத்துப் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது, இரண்டுமே காந்தத்தில் ஒட்டுவதில்லை. நம்பிக்கையான இடத்தில், பில்லில் வகையை எழுதி வாங்குவதே வழி. எக்காரணம் கொண்டும் துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. கம்பியையோ ஜி.ஐ. வலையையோ பயன்படுத்தக் கூடாது. துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும். கரிக்கங்கின் சூட்டில் அது புகையாகி, அதைச் சுவாசிப்பவருக்குக் காய்ச்சலும் குளிரும் உண்டாக்கும், உணவிலும் படியும். பட்டறையில் கைக்கு எளிதாகக் கிடைப்பது அந்தக் கம்பிதான் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பற்றவைப்பு ஆர்கான் வெல்டிங்காக இருக்கட்டும். சாதாரண இரும்புக்கான வெல்டிங் ராடைக் கொண்டு எவர்சில்வரை ஒட்டினால் ஒட்டும், ஆனால் அந்த இணைப்பு துருப்பிடித்து முதலில் விடும். 304க்கு 308 வகை நிரப்புக் கம்பி உண்டு, அதையே போடச் சொல்ல வேண்டும்.

அளவு எடுப்பதில் இரண்டு எல்லைகள் உள்ளன. கூடை தீக்கிண்ணத்தின் சுவரை இறுகத் தொடக் கூடாது. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள எவர்சில்வர் கூடை 600 டிகிரி சூடேறினால் 3 மில்லிமீட்டர் விரிகிறது; செராமிக் அதில் சிறு பங்குதான் விரியும். இடமில்லாமல் விரியும் உலோகம் செராமிக்கைப் பிளந்துவிடும். அதே வேளையில் இடைவெளி மிகுந்துபோனாலும் கேடுதான். காற்று கரிக்குள் நுழையாமல் சுவரோரமாக மேலேறித் தப்பிவிடும். தாழ்ந்த சூட்டில் முள் அலைந்துகொண்டே இருக்கும். சுற்றிலும் 10 முதல் 15 மில்லிமீட்டர் இடைவெளி விட்டதில் எங்களுக்கு இரண்டு தொல்லையும் வரவில்லை. தீக்கிண்ணம் அடியில் ஓர் அளவாகவும் வாயில் வேறோர் அளவாகவும் இருக்கும் என்பதால் இரண்டு இடத்திலும், கூடவே உயரத்தையும் அளக்க வேண்டும். சில நிறுவனங்கள் தீக்கிண்ணத்தை ஒரே துண்டாக அல்லாமல் பல துண்டுகளாகச் செய்கின்றன. அவற்றில் ஒரு துண்டு முன்தள்ளி நின்றால் அந்த இடத்தின் அளவே கணக்கு.

கம்பிகளுக்கு இடையிலான அகலம் கரியைப் பொறுத்தது. பெரிய கட்டைக்கரி மட்டும் எரிப்பவர் அடியில் 15 மில்லிமீட்டர் விடலாம். மூட்டைக் கரிக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் போதும்; அதற்குமேல் போனால் எரியக்கூடிய துண்டுகளும் சாம்பலோடு போய்விடும். பக்கங்களில் 20 மில்லிமீட்டர் வரை விட்டாலும் தவறில்லை. கூடையில் கரியை அடுக்கும்போது பெரிய கட்டைகளை அடியில் வைத்து, சிறியவற்றை மேலே இட வேண்டும். அடியில் பெரிய கட்டைகள் இருந்தால் அவற்றிடையே காற்றுப் பாதை கடைசிவரை திறந்திருக்கும். உச்சியில் ஒரு கை கொட்டாங்கச்சிக் கரியைப் பரப்பினால் பற்றவைப்பது எளிது. மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. செராமிக் அதைக் குடித்துவிட்டு, அடுத்தடுத்த சமையல்களிலும் அந்த வாடையைக் கக்கும். தென்னையின் பன்னாடையை முறுக்கி நடுவில் செருகிக் கொளுத்தினால் ஐந்து நிமிடத்தில் கங்கு பிடித்துவிடுகிறது. நம் கொல்லையில் இலவசமாகக் கிடைக்கும் பொருளை விட்டுவிட்டுக் கடைகளில் மெழுகுக் கட்டிகளை வாங்குவதற்கு எந்த அவசியமும் இல்லை.

மேலே உணவு வைக்கும் கிரில் கம்பியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எவர்சில்வர் கம்பி பராமரிக்க எளிது. மீனுக்கும் காய்கறிக்கும் அதுவே நல்லது. வார்ப்பிரும்புக் கம்பி சூட்டைத் தேக்கிவைத்து இறைச்சியில் அழகான வரி போடும், ஆனால் ஒவ்வொரு முறையும் எண்ணெய் தடவி வைக்காவிட்டால் நம் மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் சிவந்துவிடும். அரைவட்டமாக இரண்டு துண்டுகளாக வரும் கம்பி கிடைத்தால் அதை வாங்குங்கள்; ஒரு பாதியை மட்டும் தூக்கிக் கீழே கரியைச் சேர்க்க முடியும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் வசிப்பவர்கள் உப்புக் காற்றை நினைத்து 316 வகை எவர்சில்வரைக் கேட்பதுண்டு. மாலிப்டினம் கலந்த அது உப்பை நன்றாகவே எதிர்க்கும், விலையும் அதிகம். மூடிய அடுப்புக்குள் இருக்கும் கரிக்கூடைக்கு அது கட்டாயமில்லை என்பது என் கருத்து. 304இல் தோன்றும் பழுப்புப் புள்ளிகள் மேலோட்டமானவை, தேய்த்தால் போய்விடும். வெளியில் இருக்கும் கீலுக்கும் திருகுகளுக்கும்தான் கரையோரத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

கூடை வைத்த அடுப்பு காற்றுக்கு விரைந்து பதில் சொல்வது என்பதால், ஆடிக் காற்றில் அதைத் தனியே கவனிக்க வேண்டும். மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்று அடிக் கதவுக்குள் நேராகப் புகுந்தால், ஒரு விரல் திறப்பிலேயே சூடு 120லிருந்து 180க்கு ஏறிவிடும். அடுப்பைத் திருப்பி அடிக் கதவைக் கிழக்கு நோக்கி வைத்தால் போதும். மூடியைத் திறக்கும்போது முதலில் இரண்டு விரல் உயரம் தூக்கிச் சில நொடி நிறுத்திப் பிறகே முழுதும் திறக்க வேண்டும். காற்றுக்கு ஏங்கிக் கிடக்கும் நெருப்பு திடீரென்று காற்றைக் கண்டால் முகத்துக்கு நேரே சுவாலை விடும். உலுக்கிய சாம்பலில் மறுநாள்கூடக் கங்கு ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் அதைத் தகர வாளியில் கொட்டி மூடிவைத்து, முழுதும் ஆறிய பிறகே எருக்குழிக்குக் கொண்டுபோக வேண்டும். கொல்லையில் வைக்கோல் போர் இருக்கும் வீடுகளில் அடுப்பை அதற்கு எட்டத்தில், காற்று போரை நோக்கி வீசாத பக்கத்தில் நிறுத்துவது அவசியம். மழைக்கு ஒதுங்குகிறோம் என்று அடைத்த அறைக்குள்ளோ தாழ்வாரத்தின் மூடிய பகுதியிலோ கொண்டுபோய் எரிக்கவே கூடாது. கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் எதுவும் காய்ந்திருப்பதில்லை. கரி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரக்கரி வெடிக்கும், புகையும், தாழ்ந்த சூட்டில் பற்றியதும் அணையும். மூட்டையைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் ஏற்றி, மிச்சக் கரியைக் கூடையோடு எடுத்து மூடியுள்ள தகர டின்னில் வைப்பது எங்கள் வழக்கம். கூடை இருப்பதால் இதுவும் ஒரு கை வேலையாகிவிட்டது. செராமிக்கும் ஈரம் குடிக்கும். பல வாரம் மழையில் நின்ற அடுப்பை எடுத்த எடுப்பிலேயே 300 டிகிரிக்கு ஏற்றினால், சுவருக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் விரிசல் விடும். அடைமழை விட்ட பிறகு முதல் நாள் கூடையில் கால் பங்கு கரி மட்டும் இட்டு, 100 டிகிரியைத் தாண்டவிடாமல் இரண்டு மணி நேரம் சும்மா எரியவிட்டு, மறுநாள் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.